பனியில் நின்றுபோன நாவல்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து 11.37-க்குப் புறப்பட்ட ரயில் வழியில் பெரும்பனியில் சிக்கி அசையாமல் நிற்கிறது. பொறுமையிழந்த சில பயணிகள், ஹெம்மர்ஸ்பி என்ற சிற்றூர் வரை நடந்தே போய்விடலாம் என்று இறங்குகிறார்கள். சற்று நேரத்தில் பாதையே தெரியவில்லை. தட்டுத்தடுமாறிப் போனால் ஒரு பெரிய வீடு. கதவு பூட்டியிருக்கவில்லை. கணப்பில் தீ எரிகிறது, மேசையில் தேநீருக்கு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறது, கெண்டியில் தண்ணீர் கொதிக்கிறது. வீட்டில் மட்டும் ஆள் இல்லை.

1937-இல் வெளிவந்த ‘மிஸ்டரி இன் ஒயிட்’ நாவலின் தொடக்கம் இது. எழுதியவர் ஜோசப் ஜெஃபர்சன் ஃபார்ஜன். எழுத்து அவருக்குக் குடும்பச் சொத்து. அப்பா பெஞ்சமின் ஃபார்ஜன் நாவலாசிரியர். தாய்வழித் தாத்தா அமெரிக்க மேடையில் கொடிகட்டிப் பறந்த நடிகர் ஜோசப் ஜெஃபர்சன். அக்கா எலனார், குழந்தை இலக்கியத்துக்கான முதல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 1956-இல் பெற்றவர். ஃபார்ஜன் அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அவருடைய ‘நம்பர் 17’ நாடகத்தை ஹிட்ச்காக் 1932-இல் படமாக்கினார். துப்பறியும் நாவலாசிரியை டாரதி எல். சேயர்ஸ் அவருடைய திகில் எழுத்தை மனதாரப் பாராட்டினார். ஒருகாலத்தில் நாடறிந்த பெயர்தான்.

அன்றைக்குத் துப்பறியும் நாவல் என்பது பெரும்பாலும் இரவல் நூலகத்துக்காக அச்சானது. புதுப் பதிப்பு ஒன்றின் விலை ஏழரை ஷில்லிங். சாதாரண குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. பூட்ஸ் மருந்துக் கடைகளில் இருந்த நூலகத்திலோ, தெருமுனை இரண்டு பென்னி நூலகத்திலோ வாடகைக்கு எடுத்துப் படிப்பார்கள். கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து, தையல் விட்டு, ஒருநாள் குப்பைக்குப் போகும். அடுத்த நாவல் வந்துவிடும். எவ்வளவு அதிகம் பேர் படித்தார்களோ அவ்வளவு சீக்கிரம் பிரதிகள் அழிந்தன. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

பிறகு போர் வந்தது. 1940 முதல் காகிதத்துக்குப் பங்கீடு. அந்த ஆண்டு டிசம்பர் 29 இரவு லண்டனின் பதிப்பகத் தெருவான பேட்டர்னாஸ்டர் ரோ குண்டுவீச்சில் எரிந்து, சுமார் ஐம்பது லட்சம் நூல்கள் சாம்பலாயின. போர் முடிந்ததும் வாசகர் ரசனையும் மாறிவிட்டது. அகதா கிறிஸ்டியும் சேயர்ஸும் நின்றார்கள்; அவர்களோடு எழுதிக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அச்சிலிருந்து நழுவிப் போனார்கள். 1955-இல் ஃபார்ஜன் இறந்தார். நாவலும் பழைய புத்தகம் சேர்ப்பவர்களின் அலமாரிகளுக்குள் ஒதுங்கியது.

அப்படிப்பட்ட நூல்கள் தப்பிப் பிழைக்க ஒரு சட்டம் இருந்தது. பிரிட்டனில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியை ஒரு மாதத்துக்குள் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்றது 1911-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். நல்ல நூலா, மலிவான நூலா என்று யாரும் தரம் பார்க்கக்கூடாது. வருவதை வாங்கி எண் போட்டு அடுக்க வேண்டும். இந்தக் கண்மூடித்தனமான நியாயத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். எந்த நூல் நாளைக்கு வேண்டியிருக்கும் என்று தீர்மானிக்கும் அறிவு எந்தத் தலைமுறைக்கும் இருந்ததில்லை.

இன்றைய தேசிய நூலகமான பிரிட்டிஷ் நூலகத்தின் பதிப்புப் பிரிவு 2012-இல், மறந்துபோன துப்பறியும் நாவல்களை மறுபதிப்பாகக் கொண்டுவரத் தொடங்கியது. பழைய ரயில்வே சுவரொட்டிகளைப் போன்ற வண்ண அட்டைகள் இந்த வரிசையின் அடையாளமாயின. துப்பறியும் கதை எழுத்தாளர் மார்ட்டின் எட்வர்ட்ஸின் முன்னுரையோடு 2014-இல் ‘மிஸ்டரி இன் ஒயிட்’ வந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அறுபதாயிரம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகளில் சமகால நட்சத்திர எழுத்தாளர்களை முந்தி முன்னணியில் நின்றது. எழுதியவர் இறந்து 59 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் கிறிஸ்துமஸ் மர்மக் கதைத் தொகுப்புகளும் அந்த வரிசையில் வழக்கமாகிவிட்டன.

புதிர் என்ற அளவில் ‘மிஸ்டரி இன் ஒயிட்’ நாவலைக் கிறிஸ்டியின் சிறந்த நாவல்களோடு சேர்க்க மாட்டேன். பின்பாதியில் தற்செயல்கள் கூடிவிடுகின்றன. ஆனால் முதல் சில அத்தியாயங்களுக்கு இணை குறைவு. வெளியே பனி வழியை அடைக்கிறது. உள்ளே ஆவி ஆராய்ச்சிக்காரர் மால்ட்பி, ஒரு நடன மங்கை, காய்ச்சலில் கிடக்கும் ஒரு குமாஸ்தா, ஓர் அண்ணன் தங்கை என்று முன்பின் அறியாதவர்கள் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சமையலறைத் தரையில் ஒரு ரொட்டிக் கத்தி. ரத்தக்களரி வேண்டியதே இல்லை, பயம் தானாக வருகிறது. கிறிஸ்துமஸ் இரவில் கணப்பருகே பேய்க்கதை சொல்லும் விக்டோரியா காலத்துப் பழக்கத்தை ஃபார்ஜன் துப்பறியும் நாவலுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் முடிந்ததும் பதிப்புரிமை தீர்ந்துவிடும். ஃபார்ஜனுக்கு அந்தக் கெடு 2015-இன் இறுதியோடு முடிந்தது. இந்த நாவலைத் தமிழில் கொண்டுவர இங்கே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் யாராவது முன்வர வேண்டும்.