மாணவர் வானொலியை விற்கிறார்கள்: தடுக்க முடியுமா?

கல்லூரியில் நீங்களும் உங்கள் நண்பர்களும் வானொலி நிலையம் நடத்துறீங்கன்னு வைத்துக்கொள்வோம். ஒருநாள் செய்தியில் பார்க்கிறீர்கள்: நிலையம் விற்பனைக்கு! உங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழக மாணவர்களுக்கு 2010 ஆகஸ்ட்டில் அதுதான் நடந்தது. அவர்களுடைய கேடிஆர்யூ நிலையத்தை 9.5 மில்லியன் டாலருக்கு ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திடம் விற்க ரைஸ் நிர்வாகம் முடிவெடுத்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி வளாகத்தில் புதிய உணவுக்கூடம் கட்டப் பயன்படும் என்றார்கள். மாணவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

1967இல் மாணவர் விடுதியில் சின்னதாக ஆரம்பித்த நிலையம் அது. பிறகு 91.7 எஃப்எம்மில் 50,000 வாட் ஆற்றலோடு நகரம் முழுக்கக் கேட்டது. வணிக நிலையங்கள் தொடாத இசையை ஒலிபரப்புவதுதான் அதன் அடையாளம்.

அது யாருக்குச் சொந்தம்?

சிக்கலே இங்குதான். நிகழ்ச்சி படைப்பது மாணவர்கள். ஆனால் ஒலிபரப்பு உரிமம் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் உரிமம் வைத்திருப்பவர்தான் நிலையம்.

சரி, இதற்கு ஏன் இவ்வளவு விலை? அமெரிக்காவில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகள் கல்விக்கும் லாப நோக்கமற்ற ஒலிபரப்புக்கும் ஒதுக்கப்பட்டவை. பெரிய நகரங்களில் அங்கே காலி இடமே கிடையாது. புதிதாக நுழைய ஒரே வழி, ஏற்கனவே வைத்திருப்பவரிடம் வாங்குவது. மாணவர்கள் நடத்தும் நிலையம்தான் சுலபமாகக் கண்ணில் படும்.

மாணவர்கள் என்ன செய்தார்கள்?

கேடிஆர்யூ ஆதரவாளர்கள் போராட்டம் நடத்தினார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள். அதோடு விடவில்லை. அமெரிக்காவில் உரிமம் கைமாற, எஃப்சிசி எனும் தகவல்தொடர்பு ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதலைக் கொடுக்கக் கூடாது என்று முறைப்படி மனு போடலாம். அதையும் போட்டார்கள்.

"எங்க இசை வேற எங்கேயும் கிடைக்காது" என்பதுதான் இத்தகைய மனுக்களில் உணர்வுபூர்வமான வாதம். பலவீனமான வாதமும் அதுவே. எந்த வகை நிகழ்ச்சி ஒலிக்க வேண்டும் என்பதை எஃப்சிசி தீர்மானிக்க வேண்டியதில்லை, அதைச் சந்தைக்கு விட்டுவிடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ரைஸ் மனுவும் எடுபடவில்லை. 2011 ஏப்ரலில் 91.7 கைமாறியது. செவ்விசை நிலையம் ஒன்று அங்கு வந்தது.

அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் கேயுஎஸ்எஃப் என்ற பல்கலைக்கழக நிலையம் ஜனவரியில் ஒரு காலைப் பொழுதில் சட்டென்று நிறுத்தப்பட்டது. விலை 3.75 மில்லியன் டாலர். அங்கே எதிர்ப்பாளர்கள் விற்பனை நடந்த முறையைக் கேள்வி கேட்டார்கள். எஃப்சிசி விசாரித்தது. விற்பனை நிற்கவில்லை, ஆனால் ஒப்புதல் 2012 வரை தள்ளிப்போனது. சம்பந்தப்பட்ட தரப்புகள் அரசாங்கத்துக்கு 50,000 டாலர் கட்டவும் வேண்டியிருந்தது. ரசனையைப் பற்றிப் பேசுவதைவிட, ஒப்பந்தத் தாள்களை வரிவரியாகப் படிப்பது அதிகம் உதவும் என்று தோன்றுகிறது.

அப்படியானால் போராடியது வீணா?

இல்லை. கேடிஆர்யூ இணையத்தில் தொடர்ந்தது. மாணவர்கள் கலையாமல் இருந்ததால்தான் அடுத்த வாய்ப்பு வந்தபோது அதைப் பிடிக்க முடிந்தது. குறைந்த ஆற்றல் கொண்ட சமூக நிலையங்களுக்குக் கூடுதல் இடம் கொடுக்கும் சட்டம் 2011இல் கையெழுத்தானது. 2013இல் விண்ணப்பங்கள் திறந்தன. 2015 அக்டோபரில் ரைஸ் மாணவர்கள் 96.1 எஃப்எம்மில் திரும்பி வந்தார்கள். அத்தகைய நிலையங்களுக்கு உச்சவரம்பு 100 வாட்தான். பழைய 50,000 எங்கே, இது எங்கே! வளாகத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டர் கேட்கும், அவ்வளவுதான்.

91.7 என்ன ஆனது தெரியுமா? செவ்விசை நிலையம் நிலைக்கவில்லை. 2016இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகம் அந்த அலைவரிசையைக் கிறிஸ்துவ இசை ஒலிபரப்பாளர் ஒருவருக்கு 10 மில்லியன் டாலருக்கு விற்றுவிட்டது.