மடக்கு நாற்காலிக்குச் சக்கரம் முளைத்த கதை

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916 செப்டம்பரில் திறந்த ஒரு மளிகைக் கடை ஊரையே திகைக்க வைத்தது. அதுவரை சாமான் வாங்குவது என்றால் மேசைக்கு முன்னால் நின்று சீட்டை நீட்டுவதுதான். உள்ளே நிற்கும் ஆள் ஒவ்வொன்றாக எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தருவார். கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்ற வியாபாரி அந்த வழக்கத்தை உடைத்தார். பிக்லி விக்லி என்ற தன் கடைக்கு வந்தவர்களின் கையில் ஆளுக்கொரு கூடையைக் கொடுத்து, வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆள் கூலி மிச்சமானது, விலையும் குறைந்தது. மற்ற கடைக்காரர்களும் அதே வழிக்கு வந்தார்கள். ஆனால் அந்தக் கூடைக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. அது ஒருவர் கண்ணில் பட 20 ஆண்டுகள் ஆயின.

அந்த ஒருவர் சில்வன் கோல்ட்மேன். ஓக்லஹோமா சிட்டியில் ஸ்டாண்டர்டு, ஹம்ப்டி டம்ப்டி என்ற பெயர்களில் மளிகைக் கடைகள் நடத்தியவர். கடைக்குள் வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தபோது அவருக்கு ஒன்று புரிந்தது. கூடை பாதி நிறையும்வரை உற்சாகமாக நடக்கிறார்கள். கனம் ஏறியதும் கூடையைக் கை மாற்றுகிறார்கள். அப்புறம் கால்கள் தாமாகவே பில் போடும் இடத்தை நோக்கித் திரும்பிவிடுகின்றன. பையில் பணம் இருக்கிறது, அலமாரியில் சரக்கு இருக்கிறது. வியாபாரத்தை நிறுத்துவது கைவலி. 1936-இல் ஓர் இரவு, அலுவலக அறையில் இதையே யோசித்துக்கொண்டிருந்த கோல்ட்மேனின் பார்வை, அங்கே கிடந்த ஒரு மடக்கு நாற்காலியின் மேல் போய் நின்றது.

உட்காரும் பலகை மேல் ஒரு கூடை. அதற்குக் கீழே இன்னொரு கூடை. நான்கு கால்களிலும் சக்கரம். கடையின் மராமத்து வேலைகளைப் பார்த்துக்கொண்ட ஃபிரெட் யங்கை அழைத்து விஷயத்தைச் சொன்னார். இருவரும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். தரையில் சின்ன மேடு தட்டினாலும் வண்டி நாற்காலி புத்தியைக் காட்டித் தானே மடங்கிக்கொண்டது. அதைச் சரிசெய்து, மரத்தை விட்டு உலோகச் சட்டத்துக்கு மாறி, கம்பிக் கூடைகளைப் பொருத்தி ஒருவழியாக முடித்தார்கள். இனி கூடை சுமக்க வேண்டாம் என்று நாளிதழில் விளம்பரமும் கொடுத்தாயிற்று. 1937 ஜூன் 4. வரிசை நிற்கும் என்ற நம்பிக்கையோடு கோல்ட்மேன் கடைக்குப் போனார்.

கடையில் கூட்டம் இருந்தது. வண்டிகள் வாசலருகே அப்படியே நின்றன. எல்லோருடைய கையிலும் அதே பழைய கூடை. இளம் பெண்கள், குழந்தை வண்டி தள்ளித் தள்ளியே அலுத்துப்போயிருந்தார்கள். கடையிலும் ஒரு வண்டியா என்று ஒதுங்கினார்கள். இளைஞர்களுக்கு அது மானப் பிரச்சினை. ஒரு கூடையைத் தூக்க இந்தக் கைக்குத் தெம்பில்லையா என்ற முறுக்கு. வயதானவர்களோ, தள்ளாதவர்கள் என்று நாலு பேர் நினைத்துவிடுவார்களே என்று தயங்கினார்கள். வண்டியின் அமைப்பில் குறை சொன்னவர் யாருமில்லை. ஆனாலும் வண்டி தோற்றுவிட்டது. இத்தனை மாத உழைப்பும் காயலான் கடைக்குத்தான் போகும் என்ற நிலையில், கோல்ட்மேன் வண்டியைத் தொடாமல் வேறொன்றைச் செய்தார்.

கூலிக்கு ஆட்களை அமர்த்தினார். இளைஞர், நடுத்தர வயதினர், முதியவர், ஆண், பெண் என்று கலந்து எடுத்தார். அவர்களுடைய வேலை, வாடிக்கையாளர்போல வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலருகே சுற்றிவருவதும், சாமான்களை எடுத்துப் போடுவதும்தான். நுழைவாயிலில் ஒரு பெண்ணை நிறுத்தினார். யாராவது வண்டியைத் தாண்டிப் போனால், உள்ளே எல்லோரும் தள்ளுகிறார்களே என்று அவர் காட்டுவார். தன் வயதுக்காரர் ஒருவர் கூச்சமில்லாமல் தள்ளுவதைப் பார்த்ததும் தயக்கம் கரைந்தது. சில வாரங்களில் கோல்ட்மேனின் கடைகளில் வண்டி சாதாரணக் காட்சி ஆனது. 1940-இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் வெற்றி பெருகப் பெருக, கடை ஊழியர்களின் முதுகு ஒடிந்தது.

காரணம் அந்த மடக்கும் வசதிதான். ஒருவர் போனதும் கூடைகளைக் கழற்றி அடுக்க வேண்டும். சட்டத்தை மடக்கிச் சாத்த வேண்டும். அடுத்தவர் வந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் பூட்ட வேண்டும். 1946-இல் கான்சஸ் சிட்டியைச் சேர்ந்த ஆர்லா வாட்சன் இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டினார். கூடையின் பின்பக்கச் சுவருக்கு மேலே கீல் வைத்தார். பின்னால் வரும் வண்டி அந்தச் சுவரை மேலே தள்ளிக்கொண்டு முன் வண்டிக்குள் நுழைந்துவிடும். பத்து வண்டிகளைக் கோத்துவிட்டால் கொஞ்ச இடத்துக்குள் அடங்கும். கோல்ட்மேன் எதிர்த்து வழக்காடினார். கடைசியில் வாட்சனின் காப்புரிமையை ஒப்புக்கொண்டு, தயாரிக்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டார். சூப்பர் மார்க்கெட் டிராலி இன்றைய உருவத்துக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். அதன் அடுத்த பிறவிக்குக் கடையே மறைய வேண்டியிருந்தது.

1979-இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் மனைவியோடும் நாயோடும் நடந்துகொண்டிருந்தார். வாரா வாரம் சூப்பர் மார்க்கெட்டுக்கு அலைவது பற்றிப் பேச்சு வந்தது. வீட்டு டி.வி.யைத் தொலைபேசிக் கம்பி வழியே கடையின் கணினியோடு இணைத்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. செய்தும் காட்டினார். 1984 மே மாதம், கேட்ஸ்ஹெட் நகரில் 72 வயது ஜேன் ஸ்னோபால் என்ற மூதாட்டி, நாற்காலியை விட்டு எழாமல் டி.வி. ரிமோட்டை அழுத்தி டெஸ்கோ கடையிலிருந்து மார்ஜரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை வாங்கினார். சாமான் வீடு தேடி வந்தது. திரையில் இருந்தது வெறும் பட்டியல்தான். வண்டி திரைக்குள் ஏறுவதற்கு இன்னும் 10 ஆண்டுகள் இருந்தன. நடுவில் வந்த வலைத்தளங்களுக்கோ ஒரு விசித்திரமான நோய்: மறதி.

வலைப்பக்கங்களை அனுப்பும் சர்வர், கேட்ட பக்கத்தைக் கொடுத்த மறுகணமே கேட்டவரை மறந்துவிடும். ஒரு பக்கத்தில் சட்டையைத் தேர்ந்தெடுத்தவர் அடுத்த பக்கத்துக்குப் போனால், சர்வருக்கு அவர் முன்பின் தெரியாத ஆள். சட்டை போன இடம் தெரியாது. இரண்டு பொருளைச் சேர்த்து வாங்க எளிய வழி இல்லை. 1994-இல் எம்.சி.ஐ. என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காக, பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனம் ஓர் இணையக் கடை மென்பொருளை உருவாக்கியபோது, சிக்கல் இன்னும் இறுகியது. பாதியில் நிற்கும் கொள்முதல்களைத் தன் சர்வரில் சுமந்துகொண்டிருக்க எம்.சி.ஐ. விரும்பவில்லை. சர்வரும் நினைவில் வைக்காது, வேறு எங்கேதான் வைப்பது?

வாங்குபவரின் கணினியிலேயே வைத்துவிடலாம் என்றார் நெட்ஸ்கேப்பின் லூ மான்டுல்லி. பக்கத்தோடு சேர்த்து சர்வர் ஒரு சின்ன எழுத்துத் துணுக்கை அனுப்பும். பிரவுசர் அதைப் பத்திரப்படுத்தி, அடுத்த பக்கம் கேட்கும்போது திருப்பிக் காட்டும். அதைப் பார்த்ததும், சட்டை எடுத்த அதே ஆள்தான் இவர் என்று சர்வருக்குத் தெரிந்துவிடும். இன்று தளத்துக்குத் தளம் அனுமதி கேட்கும் அந்த ‘குக்கி’, அடிப்படையில் கடைக்கூடைக்காகப் பிறந்தது. 1994 அக்டோபரில் வெளிவந்த நெட்ஸ்கேப் பிரவுசரிலேயே அது இருந்தது. வாங்குபவர் போகிற இடமெல்லாம் அவருடைய கூடையும் உருண்டு வந்தது. இரண்டாவது முறையாகக் கூடைக்குச் சக்கரம் முளைத்துவிட்டது. ஆனால் ஓட்டத் தெரிந்தவர் யாருமில்லை.

1995 ஜூலையில் கடை திறந்த அமேசானின் ஆரம்ப காலக் கூடையில் ஒரு வேடிக்கையான ஓட்டை இருந்தது. புத்தகங்களின் எண்ணிக்கையை மைனஸில் போட முடிந்தது. போட்டவரின் கிரெடிட் கார்டுக்கு அமேசானே பணம் வரவு வைத்தது! பிற்காலத்தில் ஜெஃப் பெசோஸே சொன்ன கதை இது. ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் கூடைப் பக்கத்தின் அமைப்பைப் பற்றிய பெரிய சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது.

கிரெக் லிண்டன் என்ற அமேசான் பொறியாளருக்கு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வரிசை ஞாபகத்துக்கு வந்தது. அங்கே மிட்டாயும் பத்திரிகையும் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கியிருக்குமே, அதுபோல, கூடையில் இருப்பதோடு ஒத்துப்போகும் பொருள்களை அந்தப் பக்கத்திலேயே காட்டினால் என்ன? மாதிரி ஒன்றைச் செய்து சகாக்களுக்குக் காட்டினார். பலருக்குப் பிடித்தது. மார்க்கெட்டிங் துறையின் மூத்த துணைத் தலைவர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. பணம் கட்டப் போகிறவரின் கவனத்தைக் கலைத்தால் வாங்காமலே போய்விடுவார் என்றார். அச்சம் நியாயமானதுதான். இனி இந்த வேலையைத் தொடாதே என்று உத்தரவும் வந்தது. லிண்டன் தொட்டார்.

வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் புதிய பக்கம் தெரியும்படி சோதனைக்கு விட்டார். செய்தி எட்டியதும் மேலிடம் கொதித்தது. ஆனால் ஒரு சோதனையை நிறுத்துவது அமேசானில் பெரிய பதவிக்காரருக்கும் எளிதாக இருக்கவில்லை. முடிவு வந்தது: புதிய பக்கம் மிகப் பெரிய வித்தியாசத்தில் வென்றிருந்தது. அதை உடனே எல்லோருக்கும் திறந்துவிடாமல் இருப்பதே நஷ்டம் என்று ஆனது. பதவியின் கருத்தை வாங்குபவரின் விரல் வென்ற நாள் அது. ஆனால் அந்த விரல் எங்கே தடுமாறுகிறது என்பதை எண்கள் மட்டும் சொல்லிவிடவில்லை.

இணையத்தளங்களின் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனின் குழு ஒரு கடைத்தளத்தைச் சோதித்தது. பனி விளையாட்டுக்குப் பொருந்தட்டும் என்று அந்தத் தளம் தன் வண்டிக்கு ‘கார்ட்’ என்று பெயர் போடாமல் ‘ஸ்லெட்’, அதாவது பனிச்சறுக்கு வண்டி, என்று போட்டிருந்தது. சோதனைக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. புரிந்துகொண்ட மீதிப்பேர் சொன்ன காரணம்தான் முக்கியமானது: வழக்கமாகக் கார்ட் இருக்கும் இடத்தில் அது இருந்ததாம். சொல் கைவிட்ட இடத்தில் இடம் கைகொடுத்திருந்தது. அப்படியானால் கார்ட்டைக் கண்டுபிடித்தவர் கட்டாயம் வாங்கிவிடுவாரா?

பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய ஓர் அனுபவத்தின் பதில்: இல்லை. பெயர் சொல்லாத ஒரு பெரிய விற்பனைத் தளம். கார்ட் நிறைந்ததும் ஒரு படிவம் வரும்: இமெயில், பாஸ்வேர்டு, ‘லாகின்’, ‘ரிஜிஸ்டர்’. ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்தமுறை சுலபம் என்று வடிவமைத்தவர்கள் நம்பினார்கள். வாங்குபவர்களை உட்கார வைத்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. புதியவர்கள் பொருள் வாங்க வந்தார்கள், உறவு கொண்டாட வரவில்லை. ‘ரிஜிஸ்டர்’ என்றதும் முகம் சுளித்தார்கள். பழையவர்களுக்கு எந்த இமெயில், எந்த பாஸ்வேர்டு என்பது நினைவில்லை. பாஸ்வேர்டு கேட்டு நாளொன்றுக்கு சுமார் 1,60,000 கோரிக்கைகள்; கேட்டவர்களில் 75 சதவீதம் பேர் வாங்கவே முயலவில்லை. ‘ரிஜிஸ்டர்’ பட்டனை எடுத்துவிட்டு, கணக்குத் தொடங்கத் தேவையில்லை என்ற குறிப்போடு ‘தொடர்க’ என்ற பட்டனை வைத்தார்கள். வாங்குபவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் கூடுதல் வருமானம் 30 கோடி டாலர்.

கோல்ட்மேனின் நாற்காலியும், வாட்சனின் கீலும், மான்டுல்லியின் எழுத்துத் துணுக்கும், லிண்டனின் பிடிவாதமும், ஒரு பட்டனின் மரணமும் சேர்ந்து உருவாக்கிய பொருள் இன்று கோடிக்கணக்கான போன்களில் நகத்தளவு இடத்தில் இருக்கிறது. ஷாப்பிங் ஆப்பைத் திறந்தால் பெரும்பாலும் வலது மேல் மூலையில், தலையில் ஒரு எண்ணைச் சுமந்து நிற்கும் அந்தக் குட்டி வண்டிப் படம்தான் அது.

கடைத்தளத்தின் பக்க அமைப்பைப் பற்றிக் கருத்து கேட்டால் நிறத்தையும் பேனரையும் பேசுவதுதான் வழக்கமாக இருக்கிறது. இந்த வண்டியை வளர்த்த கருத்து வேறு மாதிரி. வாங்க வந்தவர் எங்கே நின்றார், எதைத் தேடினார், எந்த இடத்தில் கைவிட்டுப் போனார் என்ற மூன்றையும் கவனித்தவர்கள்தான் பல திருப்பங்களில் வழி காட்டினார்கள். அதற்குப் பெரிய செலவும் இல்லை. 5 பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே குறைகளில் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000-இலேயே எழுதினார். ஒரு கடைத்தளத்துக்கு ஒருவர் தரக்கூடிய மிக நேர்மையான கருத்து, அதில் வாங்க முயலும் அந்த 5 பேரைப் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொல்வதுதான்.