பாறைக்குள் வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள்?

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அமெரிக்கா செல்வோர் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களையே தேடிப் போகிறார்கள். கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள மேசா வெர்டிக்குப் போகிறவர்களோ ஏணி ஏற வேண்டும். அங்குள்ள ‘பால்கனி ஹவுஸ்’ குடியிருப்பைக் காண 32 அடி உயர மர ஏணி. வெளியே வர, 18 அங்குல அகலமே உள்ள 12 அடிச் சுரங்க வழி. பிள்ளைகள் குதூகலமாகத் தவழ்ந்து போய்விடுவார்கள். பாடு பெரியவர்களுக்குத்தான்!

மேசா வெர்டி என்றால் ஸ்பானிய மொழியில் பச்சை மேசை. (நம் வீட்டு ‘மேசை’யும் போர்த்துகீசியர் வழி வந்த அதே சொல்தான்.) கடல் மட்டத்துக்கு மேல் 7,000 அடிக்கும் அதிக உயரத்திலுள்ள இந்த மேட்டு நிலத்தில் புவெப்லோ மக்களின் மூதாதையர் கி.பி. 550 வாக்கில் குடியேறினர். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி பயிரிட்டனர், வான்கோழி வளர்த்தனர். அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மேட்டின்மீதே வாழ்ந்தவர்கள், 1190-களில் செங்குத்துப் பாறைகளின் குடைவுகளுக்குள் வீடு கட்டத் தொடங்கினர். பகைவருக்கு அஞ்சியா? குளிருக்கு ஒதுங்கியா? பாறையில் கசியும் ஊற்று நீருக்காகவா? ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இத்தகைய குடியிருப்புகள் அங்கே சுமார் 600 உள்ளன. ஆகப் பெரியது ‘கிளிஃப் பேலஸ்’. ஏறக்குறைய 150 அறைகள். ‘கிவா’ எனப்படும், தரைக்குக் கீழே அமைந்த வட்ட வடிவச் சடங்குக் கூடங்கள் 23. மணற்கல்லைச் செதுக்கி, மண் சாந்து பூசி, மர உத்தரம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எழுத்து விட்டுச் செல்லாத மக்களின் காலம் எப்படித் தெரிந்தது? அந்த உத்தரங்கள்தாம் சாட்சி. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, அது வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிடலாம். மழை பொய்த்த ஆண்டில் வளையம் மெலிந்திருக்கும்.

அப்படி மெலிந்த வளையங்கள் 1276 முதல் 1299 வரை தொடர்கின்றன. நீண்ட வறட்சி! 1300 வாக்கில் குடியிருப்புகள் காலியாகிவிட்டன.

பின்னர் 1888 டிசம்பரில், தொலைந்த மாடுகளைத் தேடிய ரிச்சர்ட் வெதரில், சார்லி மேசன் இருவரும் பனிப்பொழிவினூடே கிளிஃப் பேலஸைக் கண்டனர். அவர்கள் ‘கண்டுபிடித்ததாக’ எழுதுவது வழக்கம். அக்கம்பக்கத்து யூட் மக்களுக்கு அது முன்பே தெரிந்த இடம். 1891-இல் வந்த சுவீடன் நாட்டு இளைஞர் குஸ்தாவ் நோர்டன்ஷோல்ட் அகழ்ந்தெடுத்த பொருள்களை ரயிலேற்ற முயன்றபோது கைது செய்யப்பட்டார். தடுக்கச் சட்டம் இல்லாததால் விடுதலையானார், பொருள்களும் கப்பலேறின. இறந்தவர்களின் எலும்புகளும் அவற்றில் அடக்கம். 1906-இல்தான் மேசா வெர்டி தேசியப் பூங்காவானது.

‘மறைந்துபோன இனம்’ என்று பழைய நூல்கள் கதை கட்டின. மறையவில்லை, தெற்கே நகர்ந்தார்கள். ஹோப்பி, சூனி மக்களும் ரியோ கிராண்டே ஆற்றோர புவெப்லோ மக்களும் அவர்களின் வழித்தோன்றல்களே. தங்கள் முன்னோரின் எலும்புகளைத் திருப்பிக் கேட்டவர்களும் இவர்கள்தாம். 129 ஆண்டுகளுக்குப் பின், 2020-இல், ஃபின்லாந்து தேசிய அருங்காட்சியகம் 20 பேரின் எச்சங்களையும் அவர்களோடு புதைக்கப்பட்டிருந்த 28 பொருள்களையும் திருப்பித் தந்தது. மேசா வெர்டி மண்ணிலேயே அவர்கள் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டனர். நோர்டன்ஷோல்ட் கொண்டுபோன மற்ற நூற்றுக்கணக்கான பொருள்கள் ஃபின்லாந்திலேயே தங்கிவிட்டன.