கட்டி வைத்த வெள்ளமும் கலைத்து விட்ட வெள்ளமும்

1927-இல் மிசிசிப்பி ஆறு உடைப்பெடுத்தபோது, கிரீன்வில் என்ற ஊரில் கறுப்பினத்தவர் படகேறிப் போய்விடாதபடி துப்பாக்கியோடு காவல் போட்டார்கள். 2005-இல் கத்ரீனா சூறாவளியில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, அந்நகரத்துக் கறுப்பினத்தவரைப் பேருந்திலும் விமானத்திலும் ஏற்றி மாநிலம் மாநிலமாக அனுப்பினார்கள். திரும்பி வர வழி வைக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பேசுகிறவர்கள், 78 ஆண்டுகளில் எதுவும் மாறவில்லை என்று முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. அன்று போகவிடவில்லை, பிறகு வரவிடவில்லை. நேர் எதிரான இரண்டு காரியங்களை ஒரே பாகுபாடு எப்படிச் செய்தது?

கிரீன்வில்லில் விடை வெளிப்படையாகவே கிடக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் அந்தப் பகுதி பருத்திச் சீமை. நிலம் வெள்ளையருடையது, வாரத்துக்குப் பயிரிட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். விதையும் மாவும் பண்ணைக் கடையில் கடன். அறுவடைக்குப் பின் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். இந்தச் சுழலிலிருந்து தப்பி ஆயிரக்கணக்கானோர் சிகாகோவுக்கு ரயிலேறிக்கொண்டிருந்த காலம் அது. பண்ணையார்களுக்கு ஆற்றைவிட அந்த ரயில்தான் பெரிய பயம்.

1926 ஆகஸ்ட் முதல் ஆற்றின் படுகையெங்கும் விடாத மழை. 1927 ஏப்ரல் 21 காலையில் மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் கரை பிளந்தது. கடைசி நிமிடம்வரை அங்கே மணல் மூட்டை அடுக்கியவர்கள் கறுப்பினத்தவர். அவர்களில் எத்தனை பேரைத் தண்ணீர் கொண்டுபோனது என்பது இன்றும் தீராத கணக்கு. கிரீன்வில்லில் சுமார் 13,000 பேர் ஆற்றங்கரை மேட்டில் ஏறி நின்றார்கள். சில அடி அகலமே உள்ள மேடு. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் ஆறாகிவிட்ட ஊர். நிவாரணக் குழுவின் தலைவர் வில்லியம் அலெக்சாண்டர் பெர்சி. கவிஞர், ஊரின் பெரிய குடும்பத்துப் பிள்ளை. எல்லோரையும் கப்பலில் அப்புறப்படுத்த முதலில் அவர்தான் ஏற்பாடு செய்தார், கப்பல்களும் வந்தன. அவருடைய தந்தை லீராய் பெர்சி முன்னாள் செனட்டர், பெரும் பண்ணையார். கூலியாட்கள் போனால் திரும்ப மாட்டார்கள் என்று தந்தையும் மற்றப் பண்ணையார்களும் மறுத்தார்கள். கப்பல்கள் வெள்ளையர் சிலரை ஏற்றிக்கொண்டு கிட்டத்தட்டக் காலியாகவே புறப்பட்டுப் போயின.

அதன்பின் அந்த மேடு நிவாரண முகாம் என்ற பெயரில் பட்டியாக மாறியது. மாநிலத்தின் தேசியக் காவல்படை சுற்றி நின்றது. உள்ளே இருந்த கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் உடையில் ஓர் அட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். யாருடைய பண்ணையாள், என்ன வேலை என்ற விவரம் அதில் இருக்கும். அட்டை இல்லையென்றால் சாப்பாடு இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மூட்டைகளைப் படகிலிருந்து இறக்குவதும் அவர்கள் வேலைதான். கூலி கிடையாது. ஜூலையில், இரவெல்லாம் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் மறுபடி வர மறுத்ததற்காகப் போலீஸ்காரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பண்ணையார்களின் கணக்கு, துப்பாக்கி, அட்டை எல்லாம் பகலில் நடந்தவை.

மறைத்த வேலை மேலிடத்தில் நடந்தது. நிவாரணப் பொறுப்பிலிருந்த வணிகத்துறைச் செயலர் ஹெர்பர்ட் ஹூவர், டஸ்கீகி கல்லூரித் தலைவர் ராபர்ட் மோட்டன் தலைமையில் கறுப்பினத்தவர் குழு ஒன்றை அமைத்து முகாம்களைப் பார்த்துவரச் சொன்னார். குழு கண்டதைக் கண்டபடி எழுதியது. ஹூவர் அதை வெளியே வரவிடவில்லை. பதிலுக்குப் பெரிய நிலச் சீர்திருத்த வாக்குறுதிகள் தந்தார், 1928-இல் குடியரசுத் தலைவராகத் தேர்வானார், வாக்குறுதிகள் காற்றோடு போயின.

கரை பிளந்த அதே 1927 ஏப்ரலில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இன்னொன்று நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் வங்கிக்காரர்கள் தங்கள் நகரத்துக்கு ஆபத்து வராமலிருக்க, கார்னார்வன் என்ற இடத்தில் கரையை வெடிவைத்துத் தகர்க்கச் செய்தார்கள். பத்திரிகைக்காரர்கள் பார்த்திருக்க, செயிண்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ் மாவட்டங்கள் மூழ்கடிக்கப்பட்டன. அங்கிருந்தவர்களில் பலர் ஏழை வெள்ளையர், பொறிவைத்து விலங்குத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள். பேசிய ஈட்டுத்தொகை பெரும்பாலும் கைக்கு வரவில்லை. வேண்டாதவர் பட்டியலில் எந்த நிறமும் ஏறலாம் என்பதற்கு இது சாட்சி.

2005 ஆகஸ்ட் 29-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸைக் காக்க வேண்டிய தடுப்புச் சுவர்களும் கரைகளும் 50-க்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நகரத்தின் 80 சதவீதம் நீரில். நகரத்தின் கீழ் ஒன்பதாம் வட்டம் என்ற பகுதியில் வாழ்ந்த கறுப்பினத்தவரில் பலர், கரையை வெடிவைத்து உடைத்தார்கள் என்றே சொன்னார்கள். பொறியாளர்களின் ஆய்வு அதை ஏற்கவில்லை. சுவர்கள் கட்டிய விதத்திலேயே கோளாறு. ஆனாலும் அந்த வதந்தியைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை நடந்த ஒன்றைத்தான் அவர்கள் சொன்னார்கள். இடமும் ஆண்டும்தான் பிசகு.

இந்த வெள்ளத்தில் இனப்பாகுபாட்டைத் தேடுகிறவர்கள் முதலில் சாவுக் கணக்கைப் பார்க்கிறார்கள். அது அவ்வளவு நேராகப் பேசாது. லூசியானாவில் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 75 வயதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். வெள்ளையர் மிகுந்த லேக்வியூ பகுதியும் ஆளுயரத்துக்கு மேல் மூழ்கியது. கார் இல்லாதவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் இருந்த நகரத்தில் வெளியேறும் உத்தரவு முந்தின நாள்தான் வந்தது. சூப்பர்டோம் விளையாட்டரங்கில் அடைபட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதும், பக்கத்து ஊரான கிரெட்னாவின் போலீசார் பாலத்தை மறித்து, நடந்து வந்தவர்களின் தலைக்கு மேலே சுட்டுத் திருப்பியனுப்பினார்கள் என்பதும் உண்மை. ஆனால் பாகுபாட்டின் முழு வேலையைப் பார்க்க, தண்ணீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும்.

வீடு கட்ட அரசு கொண்டுவந்த 'ரோடு ஹோம்' திட்டம் அதற்கு நல்ல இடம். சூறாவளிக்கு முந்தைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்து உதவித்தொகை. ஒரே அளவில் இரண்டு வீடுகள், இரண்டையும் சரிசெய்ய 1,40,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையர் தெருவில் வீட்டின் மதிப்பு 1,60,000. அந்த வீட்டுக்காரருக்குச் செலவு முழுவதும் கணக்கில் வரும். கறுப்பர் தெருவில் மதிப்பு 60,000. அந்த வீட்டுக்காரருக்கு அதற்குமேல் இல்லை. பலகையின் விலை, ஆணியின் விலை, கொத்தனார் கூலி இரண்டு தெருவிலும் ஒன்றுதான். கறுப்பர் தெருவில் மதிப்பு குறைந்ததும் தானாக நேர்ந்ததில்லை. 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பே வரைபடத்தில் அந்தத் தெருக்களுக்குச் சிவப்பு தீட்டிக் கடனுக்கு ஆகாதவை என்று ஒதுக்கியிருந்தது. விண்ணப்பத்தில் நிறம் என்று ஒரு கட்டம்கூடத் தேவைப்படவில்லை.

போதாக்குறைக்குப் பத்திரம். கீழ் ஒன்பதாம் வட்டத்தில் சொந்த வீடு வைத்திருந்தவர்கள் அதிகம். ஆனால் பல வீடுகள் இன்னும் தாத்தா பெயரில். பாகப்பிரிவினையோ பெயர் மாற்றமோ நடந்திருக்காது. வாரிசுரிமையை நிரூபிக்காமல் பணம் வராது. நம் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் பட்டாவுக்கு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த உதவித்தொகைக் கணக்கை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2011-இல் 6.2 கோடி டாலருக்குச் சமரசமானது. அதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பெரிதாகச் சேதமடையாத பொதுக் குடியிருப்புகளையும் சேர்த்து, சுமார் 4,500 வீடுகளை இடிக்க 2007 டிசம்பரில் நகர மன்றம் ஒருமனதாக வாக்களித்தது. கீழ் ஒன்பதாம் வட்டத்தில் 2000-இல் சுமார் 14,000 பேர் இருந்தார்கள். 2010-இல் 3,000 பேர்கூட இல்லை. நகரம் முழுவதிலும் கறுப்பினத்தவர் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் மேல் குறைந்தது. லேக்வியூ எழுந்து நின்றுவிட்டது.

ஆக, 1927-இல் பருத்தி எடுக்கக் கை வேண்டியிருந்தது. அதனால் கட்டி வைத்தார்கள். 2005-இல் அந்தக் கைகளுக்கு நகரத்தின் பெரிய முதலாளிகளிடம் வேலை இல்லை, குடியிருந்த மனைக்குத்தான் மதிப்பு. அதனால் கலைத்து விட்டார்கள். முன்னதற்கு லீராய் பெர்சி என்று ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். பின்னதற்குப் பெயர் தேடினால் ஒரு கணக்கு வாய்பாடும், ஒரு வாக்கெடுப்பும், ஒரு பத்திரப் பிரச்சினையும்தான் கிடைக்கின்றன. நிறுவனம் செய்யும் பாகுபாடு, தனி மனிதரின் வெறுப்பைக் காட்டிலும் பிடிபடாமல் போவது இதனால்தான்.

1927-இல் பலிகொடுக்கப்பட்ட செயிண்ட் பெர்னார்ட் கத்ரீனாவிலும் மூழ்கியது. 2006-இல் அதன் மன்றம் ஒரு விதி போட்டது: வீட்டுக்காரர் தன் இரத்த உறவினருக்கு மட்டுமே வீட்டை வாடகைக்கு விடலாம், மற்றவருக்கென்றால் அனுமதி வாங்க வேண்டும். வீட்டுக்காரர்களில் 10-இல் 9 பேருக்கு மேல் வெள்ளையர். வழக்குப் போட்ட பிறகே விதி போனது.

1927 வெள்ளத்துக்குப் பிறகு வந்த 1928 வெள்ளத்தடுப்புச் சட்டத்தில், வெள்ளச் சேதத்துக்கு மத்திய அரசு பொறுப்பேற்காது என்று ஒரு பிரிவு உண்டு. கத்ரீனாவில் கால்வாய்ச் சுவர்கள் உடைந்ததற்காக, அவற்றைக் கட்டிய ராணுவப் பொறியாளர் படைமீது தொடுத்த வழக்கை 2008 ஜனவரியில் நீதிபதி ஸ்டான்வுட் டுவல் அந்தப் பிரிவைச் சொல்லித் தள்ளுபடி செய்தார். படை தன் கடமையில் தவறியதைத் தீர்ப்பிலேயே கடுமையாகச் சாடவும் செய்தார். கப்பல் கால்வாய் ஒன்றைப் பராமரிக்காமல் விட்டதற்கு அதே படைதான் பொறுப்பு என்று 2009-இல் அவர் தந்த தீர்ப்பை 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த வழக்குகளில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்தே தோற்றார்கள்.