கொக்கு ரிதி

"உம்மம்மாட பெட்டிக்குள்ள கிடந்தது சேர். புளி போட்டு நல்லா மினுக்கிக் கொண்டு வந்தேன்" என்று உக்குவளையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் கையை நீட்டினான். தூண்டில் முள்போல வளைந்த வெள்ளிக் கம்பி. எனக்கு நெஞ்சு பதறியது.

அது லாரின். பாரசீகத்து லார் நகரால் பெயர் பெற்று, இந்து சமுத்திரத் துறைகளெங்கும் புழங்கிய நாணயம். கம்பியை இரண்டாக மடித்து அரபு எழுத்து முத்திரை குத்துவார்கள். இலங்கையில் அதைத் தூண்டிலாகவும் வளைத்தனர். சிங்களத்தில் 'கொக்கு ரிதி'. இங்கு அடித்தவை பலவற்றில் அரபு வெறும் கோடுகளாகச் சிதைந்திருக்கும்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாயிருந்த றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் இதைப் பற்றி எழுதுகிறார். அரசனின் அனுமதியோடு எவரும் இதைச் செய்யலாம். சந்தேகம் வந்தால் நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெண்மையாக வராவிட்டால் செல்லாது. (இன்று அப்படிச் செய்தால் சேகரிப்பாளர் அலறிவிடுவார்!)

அன்று தரம் என்பது வெள்ளியின் தூய்மை. இன்று பார்ப்பதோ எழுத்தின் தெளிவு, தேய்வு, கீறல், காலம் படியவைத்த கருமை. அந்தக் கருமையைத்தான் புளி தின்றுவிட்டது. நகைக்கடைத் தராசில் இது ஐந்து கிராமும் வராத வெள்ளி, அவ்வளவுதான்.

மலைநாட்டுக்கு உப்பும் புடவையும் ஏற்றிவந்த நம் தவள வணிகர்கள் கணக்கேடு எதையும் நம்மிடம் விட்டுச் செல்லவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், வளைவுக்கருகே பாதி எழுத்து மிஞ்சியிருந்தது. "விக்க வேணாம், இனி மினுக்கவும் வேணாம்" என்று கடதாசியில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.