கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு

கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு என்பது கிறித்தவத் துறவிகள், தம் சபையின் ஒழுங்குகளுக்கு உட்பட்டு முறையான தலைவர்கள் இடும் கட்டளைகளை ஏற்று நடப்பதாகக் கடவுளுக்கு அளிக்கும் வாக்குறுதி ஆகும். கற்பு, ஏழ்மை ஆகியவற்றுடன் இதுவும் சேர்ந்து மூன்று 'நற்செய்தி அறிவுரைகள்' என வழங்கப்படுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் துறவற சபைகள் அனைத்திலும் இவ்வார்த்தைப்பாடு உண்டு. கிழக்கு மரபுவழித் திருச்சபைகளிலும் ஆங்கிலிக்கன் சபையின் துறவற இல்லங்களிலும் இது வழக்கில் உள்ளது.

மூன்று வார்த்தைப்பாடுகளில் இதுவே தலையாயது என்று 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இறையியலாளர் தாமசு அக்குவைனசு கருதினார். ஏழ்மையால் ஒருவர் தம் உடைமையையும், கற்பால் தம் உடலையும் கடவுளுக்குக் கையளிக்கிறார். கீழ்ப்படிதலாலோ தம் விருப்பத்தையே கையளிக்கிறார் என்பது அவர் கூறிய காரணம். ஆயினும் இது வரம்பற்ற வாக்குறுதி அன்று. தலைவரின் கட்டளைக்கும் துறவியின் மனச்சான்றுக்கும் இடையே எல்லை எங்கே அமைகிறது என்பது இதன் வரலாறு முழுவதும் எழுந்துள்ள கேள்வியாகும்.

சொற்பொருள்

விவிலியத்தின் மூல மொழிகளில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொற்கள் 'கேட்டல்' என்னும் பொருளை அடியாகக் கொண்டவை. எபிரேய மொழியின் 'ஷமா' என்னும் வினை கேட்பதையும் கேட்டபடி நடப்பதையும் ஒருங்கே குறிக்கும். கிரேக்கச் சொல்லான 'ஹுபகோயே', இலத்தீன் சொல்லான 'ஒபேதிரே' ஆகிய இரண்டும் கேட்டலைக் குறிக்கும் வேர்களிலிருந்து பிறந்தவையே. 'சொல் கேட்கும் பிள்ளை' என்னும் தமிழ் வழக்கிலும் கேட்டல் என்பதற்கு இதே பொருள் அமைந்திருப்பதைக் காணலாம்.

விவிலிய அடிப்படை

துறவற வார்த்தைப்பாடு என்னும் அமைப்பு விவிலியத்தில் நேரடியாக இல்லை. ஆனால் அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் பகுதிகள் பல உள்ளன. அவற்றுள் முதன்மையானவை இயேசுவைப் பற்றியவை. அவர் சாவை ஏற்கும் அளவுக்குக் கீழ்ப்படிந்தார் என்று பிலிப்பியருக்கு எழுதப்பட்ட திருமுகமும் (2:8), துன்பங்கள் வழியாகக் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகமும் (5:8) குறிப்பிடுகின்றன. கெத்சமனித் தோட்டத்தில் அவர் துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலுமாறு முதலில் வேண்டினார். அதன் பின்னரே தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தார். தயக்கத்தையும் வேதனையையும் வெளிப்படையாகச் சொல்வது கீழ்ப்படிதலுக்கு முரணானது அன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகக் காட்டப்படுகிறது.

பழைய ஏற்பாட்டில், பலியைவிடக் கீழ்ப்படிதலே சிறந்தது என்று இறைவாக்கினர் சாமுவேல் அரசர் சவுலிடம் கூறுகிறார் (1 சாமுவேல் 15:22). மறுபுறம், மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுருவும் மற்றத் திருத்தூதரும் யூதத் தலைமைச் சங்கத்தின் முன் அறிவிக்கின்றனர் (திருத்தூதர் பணிகள் 5:29). கீழ்ப்படிதலை வலியுறுத்துவோரும் அதற்கு எல்லை வகுப்போரும் தத்தம் கருத்துக்கு இவ்விரு பகுதிகளையும் அடிக்கடி எடுத்தாள்வர்.

வரலாறு

பாலைநிலத் துறவிகள்

4ஆம் நூற்றாண்டில் எகிப்தில் பக்கோமியசு என்பவர் துறவிகளை ஒரே ஒழுங்கின்கீழ் கூடிவாழச் செய்தார். இவ்வாழ்க்கை முறை பரவியபோது கீழ்ப்படிதல் இன்றியமையாத பண்பாயிற்று. அக்காலக் கதைகளுள் புகழ்பெற்றது காய்ந்த கோலுக்கு நீர் ஊற்றிய துறவியின் கதையாகும். முதியவர் ஒருவர் காய்ந்த கோலை மண்ணில் நட்டு, அதற்கு நாள்தோறும் நீர் ஊற்றுமாறு தம் சீடருக்குக் கட்டளையிட்டார். நீரோ தொலைவில் இருந்தது.

இக்கதை இருவேறு முடிவுகளுடன் வழங்குகிறது. பாலைநிலத் தந்தையரின் முதுமொழித் தொகுப்பில், மூன்று ஆண்டுகளில் கோல் துளிர்த்துக் கனி தந்தது என்றும், முதியவர் அதைச் சபையாருக்கு அளித்துக் கீழ்ப்படிதலின் கனியை உண்ணுமாறு கூறினார் என்றும் உள்ளது. ஜான் காசியன் எழுதிய நூலில் எந்தப் புதுமையும் நிகழவில்லை. ஓராண்டு கழிந்ததும் முதியவர், கோல் வேர்விட்டதா என்று கேட்டுவிட்டு அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார். கட்டளையால் விளைந்த பயன் எதுவுமின்றிக் கீழ்ப்படிதல் மட்டுமே இரண்டாம் வடிவத்தில் எஞ்சி நிற்கிறது.

பெனடிக்டின் ஒழுங்கு

நூர்சியா நகரின் புனித பெனடிக்ட் (ஏறத்தாழ கி.பி. 480 – 547) எழுதிய ஒழுங்கு மேற்கத்தியத் துறவறத்தின் அடித்தளமாகக் கருதப்படுகிறது. 73 அதிகாரங்கள் கொண்ட இந்நூல், கேட்குமாறு விடுக்கும் அழைப்புடன் தொடங்குகிறது. பெனடிக்ட் சபையினர் நிலைத்திருத்தல், வாழ்க்கை மாற்றம், கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் வாக்களிக்கின்றனர்.

முணுமுணுப்பின்றி உடனே கீழ்ப்படிய வேண்டும் என்று 5ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆனால் இதே ஒழுங்கு தலைவருக்கும் கடமைகளை விதிக்கிறது:

• முக்கியமான செயல்களுக்கு முன் தலைவர் எல்லாத் துறவிகளையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். சிறந்த வழியைக் கடவுள் பெரும்பாலும் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பது இதற்குக் கூறப்படும் காரணம் (3ஆம் அதிகாரம்).
• இயலாத செயல் கட்டளையிடப்பட்டால், துறவி தகுந்த நேரத்தில் பணிவுடன் தம் இயலாமையை எடுத்துரைக்கலாம். அதன் பின்னும் தலைவர் வலியுறுத்தினால் கடவுளின் உதவியை நம்பிக் கீழ்ப்படிய வேண்டும் (68ஆம் அதிகாரம்).
• துறவிகள் தலைவருக்கு மட்டுமன்றி ஒருவருக்கொருவரும் கீழ்ப்படிய வேண்டும் (71ஆம் அதிகாரம்).

பிரான்சிசு சபை, தோமினிக் சபை

1223இல் திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுசு ஒப்புதல் அளித்த பிரான்சிசு சபை ஒழுங்கில், ஆன்மாவுக்கும் ஒழுங்குக்கும் முரணாகாத அனைத்திலும் தலைவருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. கட்டளையின் எல்லை இவ்வாறு ஒழுங்கிலேயே எழுதப்பட்டுவிட்டது. தோமினிக் சபையினர் தம் வாக்குறுதியில் கீழ்ப்படிதலை மட்டுமே பெயர் சுட்டிக் கூறுவர். மற்ற இரண்டும் அதனுள் அடங்கியவையாகக் கொள்ளப்படும்.

இயேசு சபை

1540இல் ஒப்புதல் பெற்ற இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கீழ்ப்படிதலைத் தம் சபையின் தனி அடையாளமாகக் கருதினார். 1553இல் போர்த்துகல் நாட்டு உறுப்பினருக்கு அவர் எழுதிய மடலில் கீழ்ப்படிதலின் மூன்று படிகள் விளக்கப்படுகின்றன. முதலாவது கட்டளையைச் செயலில் நிறைவேற்றுவது. இரண்டாவது தலைவரின் விருப்பத்தைத் தம் விருப்பமாக்குவது. மூன்றாவது தம் அறிவையும் தலைவரின் முடிவோடு ஒன்றச் செய்வது. துறவி உயிரற்ற உடலைப்போலவும் முதியவரின் கைக்கோலைப்போலவும் இருக்க வேண்டும் என்று சபையின் அமைப்புச் சட்டம் கூறும் உவமை பின்னாளில் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. ஆனால் பாவம் எதுவும் இல்லாத செயல்களுக்கே இது பொருந்தும் என்ற வரையறையும் அச்சட்டத்திலேயே உள்ளது. மேலும், வேறு கருத்துடையவர் இறைவேண்டலுக்குப் பின் அதைத் தலைவரிடம் எடுத்துரைக்கலாம் என்று இஞ்ஞாசியார் அனுமதித்தார்.

இச்சபையில் இறுதி வார்த்தைப்பாடு எடுப்போருள் ஒரு பிரிவினர், மறைபரப்புப் பணிகள் குறித்துத் திருத்தந்தைக்குக் கீழ்ப்படிவதாக நான்காம் வார்த்தைப்பாடும் எடுக்கின்றனர்.

தமிழகத் தொடர்பு

புனித பிரான்சிசு சவேரியார் தமிழகக் கடற்கரைக்கு வந்தது கீழ்ப்படிதலின் விளைவே. போர்த்துகல் மன்னர் மூன்றாம் யோவானின் வேண்டுகோளின்படி இந்தியாவுக்குச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நிக்கொலாசு பொபதில்லா ஆவார். அவர் நோயுற்றதால் இஞ்ஞாசியார் சவேரியாரை அழைத்துக் கேட்டார். அவர் உடனே இசைந்து 1540 மார்ச்சு மாதத்தில் உரோமையிலிருந்து புறப்பட்டார். 1542இல் கோவாவை அடைந்து, அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியைத் தொடங்கினார். ஐரோப்பாவுக்குத் திரும்புமாறு இஞ்ஞாசியார் 1553இல் அவருக்கு மடல் எழுதினார். ஆனால் சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்றே சீனக் கடற்கரைக்கு அருகிலுள்ள சாங்சுவான் தீவில் இறந்துவிட்டார்; அச்செய்தி அப்போது உரோமைக்கு எட்டியிருக்கவில்லை.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட்டோ தெ நொபிலியின் வரலாறு வேறுவகையானது. அவர் சந்நியாசியின் உடையும் உணவு முறையும் மேற்கொண்டதைச் சக மறைப்பணியாளர் சிலர் எதிர்த்தனர். தம் முறையை விளக்கி அவர் இலத்தீன் மொழியில் விரிவாக எழுதினார். சபையை விட்டு விலகவில்லை. இச்சிக்கல் 1619இல் கோவாவில் ஆராயப்பட்டுப் பின் உரோமைக்குச் சென்றது. 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாக ஆணை வெளியிட்டார்.

சீர்திருத்தச் சபைகளின் மறுப்பு

அகுஸ்தீன் சபைத் துறவியாக இருந்த மார்ட்டின் லூதர், 1521இல் எழுதிய நூலில் துறவற வார்த்தைப்பாடுகளைக் கண்டித்தார். மீட்பு நம்பிக்கையால் கிடைக்கும் கொடை. வார்த்தைப்பாட்டால் தனித் தகுதி பெறலாம் என்று எண்ணுவது பிழை என்பது அவர் வாதம். 1530இல் வெளியான அவுசுபூர்க் விசுவாச அறிக்கையின் 27ஆம் பிரிவும் இதையே வலியுறுத்துகிறது. கீழ்ப்படிதல் துறவிகளுக்கு மட்டும் உரியதன்று, குடும்பத்திலும் தொழிலிலும் கிறித்தவர் எல்லோருக்கும் உரியது என்னும் கருத்து இதன்வழி வலுப்பெற்றது.

கீழ்ப்படிதலும் மனச்சான்றும்

தலைவர்களும் தவறக்கூடும் என்பதற்குத் திருச்சபை வரலாற்றிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன.

மேரி மெக்கிலொப்: ஆத்திரேலியாவில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் நடத்திய சபையின் இணை நிறுவனர். 1871 செப்டம்பரில் அடிலெயிடு ஆயர் சீல், கீழ்ப்படியவில்லை என்று குற்றஞ்சாட்டி இவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். தம் இறப்புக்குச் சில நாட்களுக்கு முன், 1872 பெப்ரவரியில் அவரே அத்தடையை நீக்கச் செய்தார். மெக்கிலொப் 2010இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

தெயார் தெ சார்தின்: பிரெஞ்சு இயேசு சபைக் குருவும் தொல்லுயிரியல் அறிஞரும் ஆவார். பரிணாமத்தையும் இறையியலையும் இணைத்து இவர் எழுதிய முதன்மை நூல்களை வெளியிட அனுமதி மறுக்கப்பட்டது. இவர் சபையை விட்டு விலகவில்லை. இவரது புகழ்பெற்ற நூலான 'மனிதன் என்னும் தோற்றப்பாடு', இவர் இறந்த 1955ஆம் ஆண்டில், இறப்புக்குப் பின்னரே வெளிவந்தது.

ஈவ் கொங்கார்: பிரெஞ்சு தோமினிக் சபை இறையியலாளர். 1954இல் கற்பிக்கும் பணியிலிருந்து நீக்கப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இறையியல் வல்லுநராகப் பணியாற்றினார். 1994இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அந்த ஆண்டுகளின் கசப்பு எவ்வளவு ஆழமானது என்பதை அவர் இறந்த பின் வெளியான நாட்குறிப்புகள் காட்டுகின்றன.

லொரென்சோ மிலானி: இத்தாலிய மறைமாவட்டக் குரு. மறைமாவட்டக் குருக்கள் துறவிகளைப்போல் வார்த்தைப்பாடு எடுப்பதில்லை; ஆயருக்குக் கீழ்ப்படிவதாகத் திருநிலைப்பாட்டின்போது வாக்களிக்கின்றனர். 1954இல் மிலானி பார்பியானா என்னும் சிறு மலையூருக்கு அனுப்பப்பட்டார். கீழ்ப்படிந்து சென்று அங்கே ஏழைச் சிறுவருக்குப் பள்ளி நடத்தினார். அதே மிலானி 1965இல், போரிட மறுத்தவர்களை ஆதரித்து எழுதியதற்காக வழக்கைச் சந்தித்தார். அநீதியான கட்டளைக்குப் பணிந்தேன் என்று கூறி ஒருவர் தம் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று அவர் வாதிட்டார்.

மறுபுறம், கீழ்ப்படிதல் தவறாகப் பயன்படுத்தப்பட்டதும் உண்டு. 'கிறித்துவின் படைவீரர்' என்னும் சபையின் உறுப்பினர் தம் தலைவர்களைக் குறைகூறுவதில்லை என்று தனி வார்த்தைப்பாடு எடுத்துவந்தனர். அதன் நிறுவனர் மார்சியல் மாசியேலின் பாலியல் குற்றங்கள் நெடுங்காலம் மறைந்திருக்க இது துணைசெய்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வார்த்தைப்பாடு 2007இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் காலத்தில் நீக்கப்பட்டது.

தற்கால விதிமுறைகள்

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட துறவற வாழ்வு பற்றிய ஆணை, தலைவர்கள் உறுப்பினருக்கு மனமுவந்து செவிசாய்க்க வேண்டும் என்றும், உறுப்பினரின் கீழ்ப்படிதல் முனைப்பும் பொறுப்பும் உடையதாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இது தொடர்பான முக்கிய விதிகள் வருமாறு:

• சபையின் அமைப்புச் சட்டத்துக்கு ஏற்பத் தலைவர் கட்டளையிடும்போதே வார்த்தைப்பாடு கட்டுப்படுத்தும் (விதி 601).
• தலைவர்கள் அதிகாரத்தைப் பணிவிடையாகச் செலுத்த வேண்டும். உறுப்பினருக்குச் செவிமடுக்க வேண்டும். ஆனால் இறுதி முடிவு எடுக்கும் அதிகாரம் தலைவருடையதே (விதி 618).
• மனச்சான்றைத் தம்மிடம் வெளிப்படுத்துமாறு தலைவர்கள் எவ்வகையிலும் உறுப்பினரைத் தூண்டக்கூடாது (விதி 630).
• முதல் வார்த்தைப்பாடு எடுக்கக் குறைந்தது 18 வயதும், நித்திய வார்த்தைப்பாடு எடுக்கக் குறைந்தது 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும் (விதிகள் 656, 658). இடையில் பொதுவாக 3 முதல் 6 ஆண்டுகள் தற்காலிக வார்த்தைப்பாட்டில் வாழவேண்டும்.

2008இல் வத்திக்கான் வெளியிட்ட 'அதிகாரப் பணியும் கீழ்ப்படிதலும்' பற்றிய அறிவுரை மடல், கடினமான கட்டளைகளையும் மனச்சான்றின் மறுப்பையும் தனியாக ஆராய்கிறது. தலைவரே முதலில் கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டியவர் என்று அது வலியுறுத்துகிறது. கேட்டலைத் துறவியின் கடமையாக மட்டும் கொள்ளாமல் தலைவரின் கடமையாகவும் கொள்ளும் பெனடிக்டின் ஒழுங்கோடு இது ஒத்துப்போகிறது.

இவற்றையும் பார்க்கவும்

• துறவறம் (கிறித்தவம்)
• நற்செய்தி அறிவுரைகள்
• புனித பெனடிக்ட்
• இயேசு சபை
• இராபர்ட்டோ தெ நொபிலி
• மனச்சான்று