உறுமியும் ஒரு பழைய கித்தாரும்

தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் பதினோராவது நிறுத்தம் கோடம்பாக்கம். அங்கே ஏ.ஆர். ரஹ்மானின் ஏ.எம். ஸ்டுடியோவில், 2006ஆம் ஆண்டில், எந்தத் திரைப்படத்துக்கும் உரியதல்லாத ஓர் ஒலிப்பதிவு நடந்தது. லண்டனிலிருந்து வந்திருந்தவர் மாதங்கி அருட்பிரகாசம், மேடைப்பெயர் எம்.ஐ.ஏ. ரஹ்மானோடு சேர்ந்து பாடல்கள் செய்யலாம் என்ற எண்ணம் கைகூடவில்லை. ஆனால் ரஹ்மான் தம் ஒலிப்பதிவுக்கூடத்தைத் தந்தார்; தொடர்புகளையும் ஏற்படுத்திக் கொடுத்தார். 'தி டேப்ஸ்' என்ற சென்னைத் தாளக்குழுவைச் சேர்ந்த 22 பேர் அங்கே வாசித்தார்கள். அந்த முழக்கம் 2007 ஆகஸ்டில் வெளியான 'கலா' என்ற இசைத்தொகுப்பின் முதுகெலும்பாயிற்று. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களில் உறுமியின் அந்தக் கமறலை, வளைந்த குச்சி தோலை இழுத்துத் தேய்க்கும்போது எழுகிற முனகலை, எவரும் அடையாளம் காணலாம்.

ஆனால் அந்தத் தொகுப்பை உலகம் அறிந்தது உறுமியால் அல்ல. 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாடலால். அதில் திரும்பத் திரும்பச் சுழல்வது இருபத்தைந்து ஆண்டுப் பழமையான ஒரு கித்தார் இழை. இங்கிலாந்தின் 'தி கிளாஷ்' குழுவினர் 1982 மே மாதம் வெளியிட்ட 'காம்பட் ராக்' தொகுப்பில், 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்ற பாடலிலிருந்து எடுத்தது. அரசியல் பேசிய அந்தப் பழைய தொகுப்பில் எது நிலைத்தது, எது திரிந்தது என்று பார்ப்பதற்கு நம் ஊர் வழியாக ஒரு பாதை இருக்கிறது.

பங்க் இசை 1976-77இல் லண்டனில் வெடித்தபோது அதற்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று வெறும் சினம். மற்றொன்று அந்தச் சினத்தை யார்மீது காட்டுவது என்ற கேள்வி. 1976இல் எரிக் கிளாப்டன் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதும், அதற்கு மறுமொழியாக 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்காவில் அது நடத்திய பெருங்கூட்டத்தில் கிளாஷ் குழு பாடியது. பங்க்கின் முதல் வேகம் அடங்கியபின், ரெகே, டப், ஃபங்க் என்று குடியேறிகளின் தாளங்களை உள்வாங்கி, முழக்கத்தைவிடச் சிந்தனைக்கு இடம் கொடுத்த இசையைப் போஸ்ட்-பங்க் என்றார்கள். 'காம்பட் ராக்' அந்த வகைதானா என்று தூய்மைவாதிகள் சண்டை பிடிப்பதுண்டு. 'கேங் ஆஃப் ஃபோர்' குழுவின் 1979ஆம் ஆண்டுத் தொகுப்பு அளவுக்கு அது இறுக்கமானதல்ல. வானொலிக்கு ஏற்ற பாடல்களும் அதில் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் அக்கறையில்லை. 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாடலை மட்டும் எடுத்துக்கொண்டால் அதைப் பங்க் என்று எவரும் சொல்லமாட்டார்கள். மெதுவாக, ஏறக்குறையத் தாலாட்டுப்போல நகர்கிற பாடல் அது.

1981 இறுதியில், ஒலிப்பதிவின் கடைசி நாட்களில், நியூயார்க்கில் உருவானது. முதலில் ஏழு நிமிடம் ஓடியதை இறுதித் தொகுப்புக்காக ஐந்தரை நிமிடமாக வெட்டினார்கள். பாடல் மூன்று இடங்களில் நிற்கிறது. எஃகு ஆலைகள் மூடப்பட்ட இங்கிலாந்து நகரங்களில் வேலையற்றவர்களும் ஆங்கிலம் பேசத் தெரியாத குடியேறிகளும். பிறகு வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய் விட்டுச்சென்ற குழந்தை, தந்தையின் படத்தை வைத்துக்கொண்டு தன்னையும் அழைத்துப்போகச் சொல்வது. பிறகு நியூயார்க்கின் ஏழைக் குடியேற்றத் தெருக்கள். மூன்று இடத்திலும் சொல்லப்படும் பதில் ஒன்றே: உனக்கு இங்கே இடமில்லை. பாடலாசிரியர் ஜோ ஸ்ட்ரம்மர் அங்காராவில் பிறந்தவர். அவருடைய தந்தை பிரிட்டிஷ் அயலுறவுத்துறை ஊழியர், பிறந்தது நம் லக்னோவில். பேரரசின் கிளைகளில் வளர்ந்த பையன் பேரரசின் கழிவுகளைப் பற்றிப் பாடினான் என்று சொல்லலாம்.

இதே தொகுப்பில்தான் 'ராக் தி காஸ்பா' என்ற துள்ளல் பாடலும் இருக்கிறது. இசைக்குத் தடைவிதிக்கும் ஆட்சியாளரைக் கேலிசெய்து, குண்டுபோட மறுக்கும் விமானிகளைக் கற்பனை செய்த பாடல். அமெரிக்காவில் அதுவே பெரும் வெற்றி. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையினர் அதைத் தங்கள் உற்சாகப் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். கருத்தை உரக்கச் சொன்ன பாடல் தன் எதிர்ப்பொருளில் பயன்பட்டது. முணுமுணுத்த பாடலோ யாருக்கும் அப்படி உதவவில்லை, காத்திருந்தது.

அந்தக் காத்திருப்பு மாதங்கியிடம் வந்து சேர்ந்ததில் தற்செயல் குறைவு. அவர் 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுசெல்லப்பட்டு, இடையில் சில காலம் சென்னையிலும் வளர்ந்து, 1986இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பியவர். தந்தை ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அருளர் என்ற பெயரில் அறியப்பட்டவர். இலக்கிய வாசகர்களுக்கு அந்தப் பெயர் வேறொரு வகையிலும் தெரிந்திருக்கும். 1977 கலவரத்துக்குப்பின் கொழும்பிலிருந்து அகதிகளை வடக்கே ஏற்றிச்சென்ற கப்பலைக் களமாகக்கொண்ட 'லங்கா ராணி' நாவலை எழுதியவர் அவர். ஈழப்போரின் இலக்கியம் என்று பேசும்போது அந்நாவலை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். விவாதங்கள் மலிந்த, கலையமைதி குறைந்த படைப்புதான், ஆனாலும் ஒரு கப்பல்தளத்தில் ஒரு சமூகம் தன்னை அகதி என்று உணரத் தொடங்கும் கணம் அதில் பதிவாகியிருக்கிறது. மகள் தம் முதல் தொகுப்புக்கு (2005) 'அருளர்' என்றே பெயரிட்டார். இரண்டாவதுக்குத் தாயின் பெயர்: கலா. தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர் அவர்.

இயக்கத்துக்குப் போன தந்தை. அவரில்லாமல் எல்லை கடந்த குழந்தை. 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாடலின் வியட்நாம் குழந்தைக்கும் இவருக்கும் உள்ள உறவு இதுதான் என்று நினைக்கிறேன். விமரிசகர்கள் குடியேற்றத்தை மட்டும் பேசுகிறார்கள். அந்தக் கித்தார் இழையின் அடியில் தந்தையற்ற பிள்ளையின் குரல் இருக்கிறது.

இசைவழியான தொடர்பும் உண்டு. 'எலாஸ்டிகா' என்ற குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு மாதங்கிதான் அட்டை வடிவமைத்தார். அவர்களுடைய பயணத்தைப் படம்பிடித்தார். எலாஸ்டிகா போஸ்ட்-பங்க்கின் நேரடி வாரிசு. 'வயர்' குழுவின் மெட்டை எடுத்தாண்டதற்காக ஈடுகொடுத்துச் சமரசம் செய்துகொண்ட குழு. அந்தப் பயணத்தில் சந்தித்த பாடகி பீச்சஸ்தான் இவருக்குத் தாளப்பொறியை அறிமுகப்படுத்தினார்.

2006இல் அமெரிக்கா இவருக்கு விசா தரவில்லை. அங்கே நடப்பதாக இருந்த ஒலிப்பதிவு சிதறி, சென்னை, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைந்தது. 'பேப்பர் பிளேன்ஸ்' அந்த மறுப்பின் விளைவு. குடியேறி என்றாலே போலி விசாவும் துப்பாக்கியும் பணப்பையும் என்று அஞ்சுகிறவர்களிடம் அந்த அச்சத்தையே பாடிக்காட்டும் பாடல். பல்லவியில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் சொற்களின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. எம்.டி.வி. அந்தச் சத்தத்தை மாற்றி ஒலிபரப்பியது. 2008இல் பாடல் அமெரிக்க வரிசையில் நான்காம் இடம்வரை ஏறியது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் இடம்பெற்றது. விருந்துகளில் எல்லோரும் விரல்நீட்டிச் சுடுகிறமாதிரி ஆடினார்கள். 'ராக் தி காஸ்பா'வுக்கு நேர்ந்தது இதற்கும் ஓரளவு நேர்ந்தது என்றே சொல்லவேண்டும்.

அந்தத் துப்பாக்கி ஓசையைத் தென்சென்னைப் புறநகரில் இருந்து கேட்பது சற்று வேறு. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில், கொழும்பு விமானத்துக்கென்று வந்த பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைப் பயணிகள். செய்தது தமிழீழ இராணுவம் என்ற சிறு குழு. அருளரின் இயக்கம் வேறு. ஆனால் காலமும் கனவும் ஒன்றே. திரிசூலத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே ரயில் போகும்போது ஓடுபாதை தெரியுமே, அந்த இடத்தின் நினைவோடு கேட்டால் பாடலின் எள்ளல் முழுதாக இனிப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எள்ளலுக்கும் ஒரு தூரம் தேவைப்படுகிறது. லண்டனுக்கு இருந்த தூரம் பல்லாவரத்துக்கு இல்லை. 2009 பிப்ரவரியில், நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது வன்னியில் போர் அதன் கடைசி மாதங்களில் இருந்தது. தொலைக்காட்சிகளில் அவர் அதைப் பேசினார். கேட்டவர்கள் பலர் அவருடைய அரசியலை ஆடையலங்காரம்போலப் பார்த்தார்கள். அன்று அந்த மேடைகளில் அதைச் சொல்ல வேறு யார் இருந்தார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலின் ஆசிரியர்களாக ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ், பால் சிமனன், டாப்பர் ஹெடன் ஆகிய நால்வரின் பெயரும் இருக்கின்றன. நியாயம்தான், உரிமைத்தொகையும் அவ்வழியே போகும். கோடம்பாக்கத்தில் வாசித்த 22 பேர் ஒரு குழுப்பெயராக மட்டுமே வரலாற்றில் இருக்கிறார்கள். இதற்கு மாதங்கியைக் குறைசொல்வது எளிது, ஆனால் காரணம் ஆழமானது. பதிப்புரிமைச் சட்டம் மெட்டையும் சொல்லையும் சொத்தாக மதிக்கிறது. தாளத்தை அவ்வளவாக மதிப்பதில்லை. ஆடித் திருவிழாவிலும் இழவு வீட்டிலும் தலைமுறைகளாகக் கைமாறிவந்த நடைக்கு ஆசிரியர் கிடையாது என்பது சட்டத்தின் கணக்கு. கித்தார் இழைக்கு ஆள் உண்டு, உறுமிக்கு ஊர்தான் உண்டு. நம் திரையிசையும் இதே கணக்கில்தான் இயங்கிவருகிறது. 'பம்பை, உறுமி' என்று கருவியின் பெயர் வந்தாலே பெரிது.

இந்தக் கணக்கு சென்னையில் கேள்விக்குள்ளானது பத்தாண்டுகள் கழித்து. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறை மேடையேறியபோது கானாவும் பறையும் கித்தாரும் ஒரே வரிசையில் நின்றன. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் பெயரோடு முன்னால் நின்றார்கள். அவர்களைக் கிளாஷின் வாரிசுகள் என்று சொல்வது அபத்தம். அயோத்திதாசரும் வடசென்னை மரண கானாவும் அவர்களுக்குப் போதுமான முன்னோர்கள். 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலோ பெரும்புகழ் பெற்றதும், அது யாருடைய பாடல், யாருடைய பெயர் முன்னே வரவேண்டும் என்ற வழக்காடல் பொதுவெளியில் நடந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பெயர்ந்து திரும்பிய பாட்டியின் நினைவிலிருந்து அறிவு எழுதியது அந்தப் பாடல். எல்லை கடந்தவர்களின் ஒப்பாரிக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி அதன்பிறகும் ஓயவில்லை.